ரசாக் பாய் மில்லின் சறுக்குமலை

கோயம்புத்தூரில் பனி பெய்வதில்லை என்பது கொங்கு ஆல்பைன் கழகத்துக்கு ஒருநாளும் குறையாகப் பட்டதில்லை. பெய்திருந்தால் அதன் பத்தொன்பது உறுப்பினர்களும் சறுக்க வேண்டி வந்திருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியில், குல்மார்க் போவார்கள். ரோப் காரில் உச்சிக்கு ஏறுவார்கள். வாடகை ஸ்கீ என்னும் சறுக்குப்பலகைகளைக் காலில் மாட்டி, முழங்காலை மடக்கி, இரண்டு கம்புகளையும் பின்னால் நீட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அதே ரோப் காரில் இறங்கி, சாப்பாடு ஆறுவதற்குள் ஓட்டலுக்கு வந்துவிடுவார்கள். பெரிய மலையில் உள்ள பெரிய சௌகரியம் இதுதான். மேலே போனதற்குப் படம் இருக்கிறது, கீழே வந்ததற்கு ஆளே எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நடுவில் நடந்ததை யாரும் கேட்பதில்லை.

தலைவர் தம்பிதுரை நீர்மூழ்கி மோட்டார் தயாரிப்பவர். அவர் விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே 'தொழிலதிபர், விவசாயி, ஆல்பினிஸ்ட்' என்று மூன்று வரி இருக்கும். துணைத்தலைவர் வெங்கடபதிக்கு நூற்பாலை. இருபது வருடத்துக்கு முன்னால் பதினொரு நாள் சுவிட்சர்லாந்தில் இருந்துவிட்டு வந்தவர். இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. செயலாளர் மோகனப்பிரியா தோல் டாக்டர். பனிவெயிலில் முகம் எப்படிக் கறுக்கிறது என்று பார்க்கத்தான் வருகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்வார். அந்த மட்டுக்கும் கழகத்தில் அவர்தான் நேர்மையானவர்.

பத்தொன்பது பேரில் சறுக்கத் தெரிந்தவள் இளவேனில் ஒருத்திதான். போத்தனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது இமாசலத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனாள், கற்றாள், மறுவருடம் மேல்பயிற்சிக்கும் போய்ப் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கினாள். சான்றிதழ் பெற்ற ஒருவர் இருந்தால்தான் கழகத்தைப் பதிவு செய்ய முடியும் என்று தெரியவந்ததும் தம்பிதுரை அவளைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார். பதிவு முடிந்ததும் மறந்துவிட்டார். குல்மார்க் பயணத்துக்கு ஒரு வருடமும் அவளைக் கூப்பிட்டதில்லை.

ஏப்ரலில் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. ஜனவரியில் நடக்கும் தேசியப் போட்டிக்கு மாநிலத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண். கழகம் ஏற்றுக்கொண்ட ஏதாவது ஒரு சரிவில், ஆறு கம்புகளுக்கு நடுவே வளைந்து இறங்கிய நேரத்தைப் படிவத்தில் எழுதி, தலைவரும் பயிற்றுநரும் கையெழுத்துப் போட்டு, மே முப்பத்தொன்றுக்குள் அனுப்ப வேண்டும். படிவம் அனுப்பும் நாளில் வயது இருபத்தெட்டைத் தாண்டியிருக்கக் கூடாது.

இளவேனிலுக்கு ஆகஸ்டில் இருபத்தெட்டு முடிகிறது. இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான்.

ஆண் யார் என்பதில் கழகத்துக்குக் குழப்பம் இல்லை. தம்பிதுரையின் மகன் அருண்குமார். மாநிலத்தின் பெயரைப் பொன்னூலில் தைத்த கோட்டு கூட ஆர்.எஸ். புரத்தில் தயாராகிவிட்டது. நேரம்தான் தயாராகவில்லை. கடிதம் வரும் என்று எதிர்பார்த்துப் பிப்ரவரியில் குல்மார்க்கில் தேர்வு வைத்த அன்று காற்று அதிகம் என்று எல்லோரும் ஓட்டலிலேயே இருந்துவிட்டார்கள்.

"அதுக்கென்னங்க, நாமளே ஒரு நேரத்தைப் போட்டு அனுப்பிச்சுப்போடலாம்" என்றார் வெங்கடபதி.

அதற்குப் பயிற்றுநர் கையெழுத்து வேண்டும். மோகனப்பிரியா போன் செய்து கேட்டபோது இளவேனில், நடக்காத ஓட்டத்துக்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். ஆனைமலையில் ஒரு சரிவு இருக்கிறது, நான் நாலு வருடமாக அங்கேதான் சறுக்குகிறேன், கமிட்டி வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால் இரண்டு பேருடைய நேரத்தையும் அங்கேயே எடுத்துவிடலாம்.

ஆனைமலையில் சறுக்குமலை இருக்கிறது என்ற செய்தி, அவிநாசி சாலை ஓட்டல் ஒன்றில் நடந்த அவசரக் கூட்டத்தில் முதலில் மரியாதையாகத்தான் வரவேற்கப்பட்டது. ரிசார்ட்டின் பெயர் என்ன என்று கேட்டார் தம்பிதுரை.

"ரசாக் பாய் மஞ்சி மில்லுங்க" என்றாள் இளவேனில்.

மஞ்சி என்பது தேங்காய் நார். மட்டையை அடித்து அதை எடுக்கும் மில்லில், நாரோடு உதிரும் தூள் மலையாகக் குவியும். ரசாக் பாயின் மில்லில் ஒரு பழைய செம்மண் கரையை ஒட்டி இருபது வருடத் தூள் ஐம்பதடி உயரத்துக்கு நின்றது. அதன் ஒரு பக்கத்தைச் சரிவாகச் செதுக்கி, நீளத்துக்கும் தார்ப்பாய் விரித்திருந்தாள். மேலே தோப்புக்குப் போடும் தெளிப்பான் குழாய் இரண்டு. தண்ணீரில் அரப்புத்தூளைக் கரைத்து விட்டால் ஸ்கீ வழுக்கிக்கொண்டு போகும். விழுந்தாலும் அடியில் மெத்தை மாதிரித் தூள்.

இதை அவள் சொல்லி முடித்தபோது மேசையைச் சுற்றிச் சிரிப்பை அடக்கிக்கொள்ளும் மரியாதை நிலவியது.

"அரப்புங்களா?" என்றார் வெங்கடபதி. "சனிக்கிழமை தலைக்குத் தேச்சுக் குளிக்கறமே, அதுங்களா?"

"அதேதானுங்க."

அதற்குப் பிறகு நடந்ததை விவாதம் என்றுதான் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் வண்டி நிறுத்திய இடமே ஆறாயிரம் அடி என்றார் வெங்கடபதி. மேலே போக லிப்ட் இல்லை என்பதை ஒருவர் மனிதாபிமான அடிப்படையில் எதிர்த்தார். உடை மாற்ற இடம் உண்டா, பின்னணியில் என்ன தெரியும், காலைச் சாப்பாடு எங்கே என்று வரிசையாகக் கேட்டார்கள். பின்னணியில் எடைமேடையும் ரெண்டு லாரியும் தெரியும் என்றாள் அவள். சறுக்குமலை என்றால் அதற்கு ஒரு கம்பீரம் வேண்டாமா என்று தம்பிதுரை வருத்தப்பட்டார். பனி என்பது வெறும் வழுக்கல் இல்லை, அது ஒரு அனுபவம் என்றும் சொன்னார்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத குறை ஒன்று இருந்தது. அந்தச் சரிவு உச்சி முதல் அடி வரை எடைமேடையில் இருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும்.

"என்ன இருந்தாலும் அது ஒரு குப்பைமேடு தானுங்களே அம்மணி" என்றார் தம்பிதுரை, மிகவும் பரிவாக.

அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. அந்த மேட்டில் படி இல்லாத காலத்தில் அவள் அப்பா மாரப்பன், மில்லில் முப்பது வருடமாக மட்டை சுமப்பவர், சாக்குகளில் தூளை அடைத்து ஒவ்வொன்றாக அடுக்கிப் பின்பக்கம் எழுபத்திரண்டு படி வைத்துக் கொடுத்திருந்தார். கோபம் வரும்போது கொங்கில் மரியாதை கூடும். இளவேனில் எழுந்து நின்று கைகட்டிக்கொண்டாள்.

"போன வருசம் அந்தக் குப்பைமேட்டுல நான் ஆயிரத்து முந்நூறு தடவ எறங்கியிருக்கறனுங்க. பிப்ரவரில நீங்க அத்தன பேரும் சேந்து எத்தன தடவைங்க எறங்குனீங்க?"

ஒருவர் ஏசியைக் குறைக்கச் சொன்னார். மோகனப்பிரியா படிவத்தை எடுத்து, தேதியைக் காட்டி, கோட்டு தைத்தாகிவிட்டதையும் நினைவூட்டினார். தம்பிதுரை யோசித்தார். சகோதரர் மேல் அவருக்கு ஒரு வாய்க்கால் வழக்கு இருந்தது. அதற்காக ஆனைமலை மாசாணியம்மன் கோயில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவதாக வேண்டுதல். எப்படியும் போக வேண்டிய ஊர். போகிற வழியில் மலையையும் பார்த்துவிடலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

வைகாசி வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மூன்று கார்கள் மில்லுக்குள் வந்தன. வெயில் கொளுத்தியது. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று விட்டு விட்டு அடித்தது. தலைவர், துணைத்தலைவர், செயலாளர், அருண்குமார் என்று இறங்கிய நாலு பேரும் கழகத்தின் நீலப் பனிக்கோட்டைப் போட்டு, கழுத்து வரை ஜிப்பை இழுத்திருந்தார்கள். படத்துக்காக. தம்பிதுரை மட்டும் கீழே வேட்டி. நெற்றியில் கோயில் குங்குமம், கையில் பூசைப் பை.

ரசாக் பாய் பிளாஸ்டிக் மேசையும் நாற்காலியும் போட்டு, இளநீர் வெட்டி வைத்திருந்தார். மாரப்பன் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தம்பிதுரைக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முன்னொரு காலத்தில் அவருடைய தோப்பில் மாரப்பன் காய் சுமந்திருக்கிறார்.

"ஏ மாரா, நீ இங்கயா கெடக்கற? இது உன்ற புள்ளயா?"

"ஆமாங்க" என்றார் மாரப்பன்.

மகளை அம்மணி, வாங்க, போங்க என்றெல்லாம் சொன்ன வாய்தான். ரசாக் பாய் சங்கடப்பட்டு, "மாரப்பண்ணா, நீங்களும் உக்காருங்க" என்று இன்னொரு நாற்காலியை இழுத்தார். மாரப்பன் உட்காரவில்லை. இளவேனில் ஸ்கீயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறினாள். எழுபத்திரண்டு படியும் கோபத்திலேயே தீர்ந்தது.

மேலே நின்று கை தூக்கினாள். கீழே மோகனப்பிரியா கடிகாரத்தை அமுக்கினார். கை தூக்குவதுதான் தொடக்கம் என்று படிவத்தில் போட்டிருந்தது. தெளிப்பான் தூவிய தண்ணீரில் தார்ப்பாய் மின்னியது. முதல் கம்பு, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணுவதற்குள் அவள் ஆறையும் சுற்றி, எடைமேடைக்கு முன்னால் கொட்டியிருந்த உதிர்தூளில் பக்கவாட்டில் நின்றாள். அரப்புத் தண்ணீர் தம்பிதுரையின் வேட்டியில் தெறித்தது.

"ஒம்பது புள்ளி நாலு" என்றார் மோகனப்பிரியா. குரலில் நிஜமான ஆச்சரியம்.

பிறகு சரிவின் தரம் பற்றிய விவாதம் மறுபடி தொடங்கியது. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிற மலை ஒரு மலையா என்று கேட்டார் வெங்கடபதி. சுவிட்சர்லாந்தில் ஒரு இறக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆகுமாம். அதில் பாதி அவர் உட்கார்ந்தே இறங்கியது என்பதை விட்டுவிட்டார். தம்பிதுரை வேட்டியைத் துடைத்துக்கொண்டு, நல்லாத்தான் வந்தது, ஆனால் பார்க்க எளிதாக இருக்கிறது, பெண்பிள்ளையே இப்படி இறங்குகிறது என்றால் சரிவு கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தான் இருக்க வேண்டும் என்றார். அப்படியானால் பையன் இறங்கிக் காட்டட்டுமே என்றார் மோகனப்பிரியா.

அருண்குமார் கெட்டவன் இல்லை. இருபத்தைந்து வயது, ஜிம்முக்குப் போன தோள், பேச்சில் பணிவு. இதற்கு முன் அவன் இறங்கிய மலைகள் எல்லாவற்றிலும் ரோப் கார் இருந்தது. படி ஏறும் முன் இளவேனிலிடம் வந்து, "வேகமாப் போச்சுன்னா எப்படிங்க நிக்கறது?" என்று மெதுவாகக் கேட்டான். ஸ்கீயின் முனை இரண்டையும் ஒன்று சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும் என்று தரையில் நின்று காட்டினாள். அவன் தலையாட்டினான்.

தம்பிதுரை விடவில்லை. முதல்முறையாக மகன் மாநிலத்துக்காக இறங்குகிறான், இத்தனை பேர் கண் படுகிறது, திருஷ்டி கழிக்காமல் எப்படி? பூசைப் பையோடு தானும் படி ஏறினார். பனிக்கோட்டோடு எழுபத்திரண்டு படி. நடுவில் மூன்று இடத்தில் நின்று இயற்கையை ரசித்தார். உச்சிக்குப் போய், எலுமிச்சம்பழத்தின் மேல் சூடத்தை ஏற்றி, மகன் தலையை மூன்று முறை சுற்றினார். தார்ப்பாய் முடிந்து வெறும் தூள் தெரியும் இடமாகப் பார்த்துக் குனிந்தார்.

கீழே மாரப்பன் பதறிப்போனார். பம்புசெட்டை விட்டு ஓடிவந்து, கையை உயர்த்திக் கூப்பிட்டார்.

"ஐயா, அங்க நெருப்பு வேண்டாமுங்க. காஞ்ச தூளுங்க, உள்ளாற பத்திக்குமுங்க."

"சாமி காரியத்துல குறுக்க பேசாத மாரா" என்றது மேலே இருந்து பதில். "உனக்கு என்ன தெரியும்?"

சூடம் தூளின் மேல் வைக்கப்பட்டது. எரிந்தது, அணைந்த மாதிரித் தெரிந்தது. பழத்தை நாலாகப் பிளந்து நாலு திசையிலும் வீசிவிட்டு, காரியம் முடிந்த நிம்மதியில் தம்பிதுரை இறங்கிவந்து நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் கேட்டார். மாரப்பன் அவரைத் தாண்டி உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்த இளவேனிலும் அங்கே பார்த்தாள்.

அருண்குமார் ஸ்கீயை மாட்டிக்கொண்டு விளிம்புக்கு வந்தான். கை தூக்கினான். மோகனப்பிரியா கடிகாரத்தை அமுக்கினார். அவன் நகரவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்றாயிற்று. தம்பிதுரையின் போன் அடித்தது. ஐம்பதடி உயரத்திலிருந்து மகன் பேசினான். காற்று பக்கவாட்டில் அடிக்கிறது, ஸ்கீயின் நீளம் தனக்குச் சரியில்லை, மூன்றாவது கம்பு கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற மாதிரித் தெரிகிறது. தம்பிதுரை போனை எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தார். சரிவின் குறைபாடுகள் இப்போது உச்சியிலிருந்தே நேரடியாக வந்ததால் விவாதத்துக்குப் புது உற்சாகம் வந்தது. இப்படிப்பட்ட காற்றில் சுவிட்சர்லாந்தில் ஒத்திவைத்துவிடுவார்கள் என்றார் வெங்கடபதி. அரப்பின் அளவு கூடிவிட்டதா என்று ரசாக் பாயை விசாரித்தார்கள். பத்து நிமிடம் போயிற்று. பதினைந்து போயிற்று. கடிகாரத்தை நிறுத்த யாரும் சொல்லவில்லை, மோகனப்பிரியாவும் நிறுத்தவில்லை.

உச்சியில் மெல்லிசாக வெள்ளை வெள்ளையாக ஏதோ எழுந்தது.

"பாருங்க" என்றார் வெங்கடபதி கனிந்துபோய். "ஆல்ப்ஸ்லயும் இப்படித்தானுங்க, உச்சில மூடுபனி வந்து உக்காந்துக்கும்."

"புகையுங்க அது" என்றார் மாரப்பன். அதற்குள் குழாயை இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தார்.

நார்த்தூள் கொழுந்துவிட்டு எரியாது. உள்ளுக்குள் கனன்று கனன்று பக்கத்துக்குப் பரவும். அதனால் அது நெருப்பு என்று ஒத்துக்கொள்ள நாற்காலியில் இருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காற்று ஊதக் கனல் சாக்குப்படியைப் பிடித்தது. மேலிருந்து ஏழாவது எட்டாவது சாக்குகள் கறுத்துப் பொத்துக்கொண்டு விழுந்தன. அருண்குமார் திரும்பிப் பார்த்தான். படி போய்விட்டது. முன்னால் தார்ப்பாய். மேசையில் இருந்த போன், "அப்பா, அப்பா" என்றது.

தம்பிதுரை காருக்குப் பின்னால் நின்றிருந்தார்.

இளவேனில் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவின் ஓரமாகவே, தார்ப்பாய்க்கு வெளியே தூளில் கால் புதையப் புதைய ஏறினாள். மேலே போனபோது அவள் ஏறிவந்த ஓரமும் புகைந்து கண்ணைக் கரித்தது. அவனுக்கு எதிரே, முதுகு பள்ளத்தைப் பார்க்க நின்று ஸ்கீயை மாட்டினாள்.

"கீழ பாக்காதீங்க. என்ற மூஞ்சிய மட்டும் பாருங்க. முனைய ரெண்டையும் சேத்துங்க. அவ்வளவுதான், வாங்க."

"உழுந்துருவனுங்க."

"உழுந்தா மெத்துனுதான் இருக்கும். குப்பைமேடு தானுங்களே, வாங்க."

அவள் பின்னோக்கிச் சறுக்கினாள். தொடவில்லை, பிடிக்கவில்லை. இரண்டடி தூரத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டே போனாள். அவன் பின்பக்கத்தை அகட்டி, வாயைத் திறந்தபடி, தவழும் வேகத்தில் வந்தான். கம்புகளைத் தவிர்த்து நேராக இறக்கியிருக்கலாம். நேராகப் போனால் அவனுக்கு வேகம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு கம்பாகச் சுற்ற வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மேலே தார்ப்பாயின் விளிம்பு சுருங்கிக் கருகும் நாற்றம் வந்தது. ஆறாவது கம்பையும் சுற்றி அடிவாரத் தூளில் வந்து நின்றான். ஒருமுறைகூட விழவில்லை. அவன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு மலையைச் சறுக்கி முடித்திருந்தான்.

மோகனப்பிரியா கடிகாரத்தை நிறுத்தினார்.

அப்புறம் இரண்டு மணி நேரம் மில் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து மேட்டைக் கொத்தினார்கள். உள்ளே கனல் எங்கெங்கே போயிருக்கிறது என்று தெரியாததால் பிளந்து, வாரிப் போட்டு, ஒவ்வொரு கூடையாக நனைக்க வேண்டியிருந்தது. சரிவு போயிற்று. தார்ப்பாய் போயிற்று. எழுபத்திரண்டு படியும் ஈரச் சகதியாகக் கிடந்தன. இருபது வருடத் தூள் மில் முற்றம் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பரவிக் கிடந்து புகைந்தது. மாரப்பனின் இரண்டு கையிலும் கொப்புளம்.

கமிட்டி அந்த இரண்டு மணி நேரத்தையும் வீணாக்கவில்லை. எடைமேடை நிழலில் உட்கார்ந்து, சரிவின் தகுதி பற்றி முடிவுக்கு வந்திருந்தது.

"என்னதான் சொல்லுங்க," என்றார் வெங்கடபதி, "பனி தீப்பிடிக்காதுங்க."

இயற்கையிலேயே தீப்பற்றும் தன்மை கொண்ட சரிவு, ஆல்பைன் விளையாட்டுக்கு ஏற்றதல்ல என்று எழுதும்படி தம்பிதுரை சொன்னார். மோகனப்பிரியா பேனாவைத் திறக்கவில்லை. அப்படி எழுதினால் படிவம் போகாது, அருணும் போக மாட்டான், இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது என்றார்.

தம்பிதுரை கோட்டின் ஜிப்பைக் கொஞ்சம் கீழே இறக்கினார். கழகம் திறந்த மனதுடையது என்றார். சிறு சரிவுகளை ஊக்குவிப்பதும் அதன் கடமை. சரிவு ஏற்கப்படுகிறது. அதற்குள் இளவேனில் சகதியிலிருந்து கை கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

"வாங்க அம்மணி. சரிவ ஏத்துக்கிட்டாச்சு. உங்குளுது ஒம்பது புள்ளி நாலு, அப்படியே இருக்கட்டும். பையனுது ஒரு பத்து, பத்தரைன்னு போட்டுப்போட்டு ஒரு கையெழுத்து வையுங்க."

அவள் மோகனப்பிரியாவைப் பார்த்தாள். மோகனப்பிரியா கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். இருபத்து மூன்று நிமிடம் பதினாறு விநாடி.

"இந்த நேரந்தான் எழுதுவனுங்க" என்றாள் இளவேனில்.

தம்பிதுரை சிரித்தார். போட்டியில் பட்டியலை எல்லா மாநிலத்துக்காரரும் பார்ப்பார்கள், பலகையில் ஒட்டுவார்கள், இப்படி ஒரு நேரம் எங்கேயாவது உண்டா, கழகத்தின் கௌரவம் என்ன ஆகும் என்று நயமாக எடுத்துச் சொன்னார். அவள் எதிர்காலத்தைப் பற்றியும் சொன்னார். படிவத்தில் தன் கையெழுத்தும் வேண்டும் என்பதை அவள் மறந்துவிடக் கூடாது.

இளவேனிலுக்கு அப்போதும் குரல் உயரவில்லை.

"கௌரவம்ங்களா? எங்கப்பன் வேண்டாமுன்னு சொன்னாருங்க. ஐயான்னு கூப்புட்டு, கையெடுத்து, உங்கள விட மரியாதையாச் சொன்னாரு. உனக்கென்ன தெரியும்னீங்க. அவருக்குத் தூளு தெரியும். உங்குளுக்குத் தூளும் தெரியாது, பனியும் தெரியாது. நாலு வருசமா ஏறி எறங்குன எடத்த ஒரு ரூவாச் சூடத்துல கொளுத்திப்போட்டு, நெழல்ல உக்காந்து அதுக்குத் தகுதி பாக்கறீங்க. நாங்கூட இந்த வருசம் போகாட்டி இனிப் போக முடியாதுங்க. அது உங்குளுக்குத் தெரியும், அதனால கையெழுத்துப் போட்டுருவேன்னு பாக்கறீங்க. போடறனுங்க. நடந்ததுக்குப் போடறேன். உங்க பையன் ஆறு கம்பையும் சுத்தி, உழுகாம, சொந்தக் கால்ல எறங்கியிருக்காரு. இந்தக் கழகத்துல என்னத் தவுர அத வேற யாரும் செஞ்சதில்லீங்க. அதுக்கு ஆன நேரம் இருவத்தி மூணு நிமிசம். வேணுமுன்னா நீங்க கையெழுத்துப் போடுங்க. வேண்டாமுன்னா ரெண்டு பேருமே போகல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவளுக்கு ஆகஸ்ட் நினைவுக்கு வந்தது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பேனாவை வாங்கி, தன் பெயருக்கு எதிரே 9.4 என்று எழுதினாள். அடுத்த வரியில் அருண்குமார், 23 நிமிடம் 16 விநாடி. தன் கையெழுத்தைப் போட்டுப் படிவத்தைத் தம்பிதுரையின் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் தொடவில்லை. வெங்கடபதி சுவிட்சர்லாந்தில் இதற்கு என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார்த்து, தெரியாமல், இளநீர்க் கூடைப் பக்கம் போய்விட்டார். சம்பந்தப்பட்டவன் எங்கே என்று தேடினால் அருண்குமார் பம்புசெட்டுக்கு அருகில் இருந்தான். நீலக்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மாரப்பனின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கோணுங்க" என்று அவன் சொல்வது கேட்டது. மாரப்பன் அடுத்த கையை நீட்டினார்.

தம்பிதுரை அங்கிருந்தே மகனைக் கூப்பிட்டு, இந்த நேரத்தோடு உன் பேர் டெல்லிக்குப் போகட்டுமா என்று கேட்டார். அருண்குமார் நிமிர்ந்தான்.

"போகட்டுமுங்கப்பா. எறங்குனது அவ்வளவு நேரந்தானுங்களே."

கோட்டு தைத்தாகிவிட்டது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. வாய்க்கால் வழக்கில் இருக்கும் சகோதரர் வீடு வரைக்கும் செய்தி போய்விட்டது. போகவில்லை என்றால் அங்கேதான் முதலில் சிரிப்பார்கள். தம்பிதுரை பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நேரத்தில் முதல்முறையாக அவர் குரல் இறங்கிக் கேட்டது.

"அம்மணி, ஒரு காரணமாச்சும் பக்கத்துல போட்டுக்கலாங்களா? தீ விபத்துன்னு?"

இளவேனில் அவர் விரலுக்கு அடியிலிருந்து படிவத்தை உருவி, இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"எடமில்லீங்க" என்றாள். "கட்டம் சின்னது."

கார்கள் கிளம்பின. ரசாக் பாய் வாசல்வரை போய்க் கும்பிட்டு அனுப்பிவிட்டு வந்தார். அடுத்த மேடு எழும்ப இன்னும் எத்தனை வருடம் என்று அவரிடம் கேட்க இளவேனிலுக்கு வாய் வரவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, இன்னும் புகை வரும் பக்கமாகப் போனாள்.